'கோ' எங்கெல்லாம் போகும்? ஆங்கில வினை ஒன்றைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் சேரும் பிள்ளை, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் ஆங்கிலத் தாள் எழுதும் ஐந்தாம் படிவ மாணவர், வேலை நேர்காணலுக்குத் தயாராகும் பெரியவர் என்று எல்லாரும் கேட்கும் கேள்விகள் இவை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழ்கிறவர்களுக்கு இந்தச் சொல் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதே இந்தப் பக்கத்தின் கவலை. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தந்திருக்கிறோம். வாய்விட்டுப் படியுங்கள்.

'கோ' என்றால் 'போ' தானே? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பாதிதான் 'போ'. தமிழ் 'போ'வையே கொஞ்சம் கவனியுங்கள். 'கடைக்குப் போனான்' என்பதில் நடை இருக்கிறது. 'கரண்ட் போச்சு', 'பால் கெட்டுப் போச்சு', 'மழை வரப் போகுது', 'அவன்கிட்டப் போய்ச் சொல்லிட்டியே' என்பவற்றில் யாரும் எங்கும் நடக்கவில்லை. ஆங்கில 'கோ'வுக்கும் இதே குணம் உண்டு. இந்த நான்கு தமிழ்த் தொடரையும் 'கோ' வைத்தே ஆங்கிலத்தில் சொல்லலாம். அந்த வகையில் தமிழ் பேசுகிறவர் பாதிக் கிணறு தாண்டித்தான் தொடங்குகிறார்.

சிக்கல் மறுபாதியில் இருக்கிறது. 'களைச்சுப் போயிட்டேன்', 'மறந்து போச்சு', 'உடைஞ்சு போச்சு' எதற்கும் 'கோ' வராது. எது வரும், எது வராது என்பதைத் தனிச்சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 'கோ'வுக்கு அடுத்து நிற்கும் சொல்லோடு சேர்த்துத்தான் பழக வேண்டும்.

இறந்தகாலம் ஏன் 'வென்ட்'? 'கோ'வுக்கும் அதற்கும் எழுத்து ஒற்றுமைகூட இல்லையே?

அது வேறொரு வினையின் இறந்தகாலம். 'வெண்ட்' என்று ஒரு பழைய வினை உண்டு. திரும்புதல், வழிபிடித்துச் செல்லுதல் என்று பொருள். 'செண்ட்' இறந்தகாலத்தில் 'சென்ட்' ஆவதுபோல, 'வெண்ட்' இறந்தகாலத்தில் 'வென்ட்' ஆனது. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு என்று வேறோர் இறந்தகால வடிவம் இருந்தது. அது வழக்கொழிந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தில் நிலைத்துவிட்டது. 'வெண்ட்' இன்றும் 'வெண்ட் ஒன்ஸ் வே' என்ற தொடரில் உயிரோடு இருக்கிறது. ஆகவே 'கோ'வோடு இறந்தகால 'ட்' ஒட்டிக் 'கோட்' என்று சொல்லும் சின்னப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். விதியைப் பிள்ளை சரியாகப் பிடித்திருக்கிறது. விதிக்குள் அடங்காதது அந்தச் சொல்தான்.

'டிட் யூ வென்ட்?' என்று கேட்டால் ஏன் தவறு?

'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது. அடுத்த வினைக்கு அந்தச் சுமை வேண்டாம். 'டிட் யூ கோ?', 'ஐ டிடின்ட் கோ.' தேர்வுத் தாளில் அதிகம் சிவப்பு மை வாங்குவது இதுவும், 'ஐ ஹாவ் வென்ட்' என்பதும்தான். 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' மூன்றுக்கும் பின்னால் 'கோ'வின் வடிவங்களில் 'கான்' மட்டுமே வரும்: 'ஷி ஹாஸ் கான் டு வொர்க்.'

'ஹி கோ ஆல்ரெடி' என்பது மலாயின் 'சுடா பெர்கி' (போய்விட்டார்) அச்சில் வார்த்த வாக்கியம். கடைத்தெருவில் எல்லாருக்கும் புரியும். எழுதும்போது 'ஹி ஹாஸ் ஆல்ரெடி கான்' என்று எழுதுங்கள்.

'ஹாஸ் கான் டு', 'ஹாஸ் பீன் டு' — என்ன வேறுபாடு?

'ஹி ஹாஸ் கான் டு பினாங்' என்றால் ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறார், அல்லது போகும் வழியில் இருக்கிறார். 'ஹி ஹாஸ் பீன் டு பினாங்' என்றால் போய்த் திரும்பிவிட்டார். தமிழில் 'பினாங்கு போயிருக்கார்' என்பது இரண்டையும் குறிக்கும், அதனால்தான் குழப்பம். 'பினாங்கு போயிட்டு வந்திருக்கேன்' என்று தமிழில் நீட்டிச் சொல்ல முடிந்தால் ஆங்கிலத்தில் 'பீன்' வரும்.

நேர்காணலில் 'ஹாவ் யூ எவர் பீன் டு சிங்கப்பூர்?' என்று கேட்டால் 'எஸ், ஐ ஹாவ் பீன் தேர் ட்வைஸ்' என்பதே பதில். 'ஐ ஹாவ் கான் தேர்' என்று சொன்னால், அங்கே இருக்க வேண்டிய ஆள் இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பதாக ஆகிவிடும்.

காலம் குறிப்பிட்டுவிட்டால் இரண்டுமே வேண்டாம். 'லாஸ்ட் இயர்', 'எஸ்டர்டே' வந்தால் நேரே 'ஐ வென்ட்'.

'டு' எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது?

ஊர், இடம், ஆள் வந்தால் 'டு' வேண்டும்: 'கோ டு ஈப்போ', 'கோ டு பத்து கேவ்ஸ்', 'கோ டு த டாக்டர்'. திசையும் இடமும் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தால் வேண்டாம்: 'கோ ஹோம்', 'கோ தேர்', 'கோ அப்ராட்', 'கோ அப்ஸ்டேர்ஸ்', 'கோ அவுட்சைட்'. 'கோ டு ஹோம்' என்பது தமிழின் 'வீட்டுக்கு' என்ற உருபை அப்படியே ஏற்றியதால் வருவது. 'மை ஹவுஸ்' என்றால் மட்டும் 'கோ டு மை ஹவுஸ்' என்று 'டு' திரும்பி வரும்.

நம் நாட்டில் வெளியூர் போவதைக் 'கோ அவுட்ஸ்டேஷன்' என்கிறோம். மலேசிய ஆங்கிலத்தில் அது நன்றாக நிலைத்த சொல். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'அவுட் ஆஃப் டௌன்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'த'. 'கோ டு ஸ்கூல்' என்றால் படிக்கப் போவது. 'கோ டு த ஸ்கூல்' என்றால் அந்தக் கட்டடத்துக்கு, பெற்றோர் கூட்டத்துக்கோ பணம் கட்டவோ போவது. 'பெட்', 'வொர்க்', 'சர்ச்', 'கோர்ட்', 'பிரிசன்' எல்லாம் இந்த வகை. கோயிலுக்குப் பொதுவாகக் 'கோ டு த டெம்பிள்' என்று 'த'வோடு சொல்வதே வழக்கு. வங்கி, சந்தை, திரையரங்கு, கழிப்பறை எல்லாவற்றுக்கும் 'த' உண்டு. மருத்துவமனையில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் வேறுபடுவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் 'ஷி வென்ட் டு ஹாஸ்பிட்டல்' என்றால் நோயாளியாகப் போனார் என்று பொருள். ஆள் பார்க்கப் போனால் 'த' சேரும். அமெரிக்கர் இரண்டுக்கும் 'த' போடுவார்கள்.

'கோ டு ஷாப்பிங்' சரியா?

இல்லை. பொழுதுபோக்கு, விளையாட்டு, கடைவலம் போன்றவற்றுக்கு 'டு' இல்லாமல் நேரே: 'கோ ஷாப்பிங்', 'கோ ஸ்விம்மிங்', 'கோ ஜாகிங்', 'கோ ஃபிஷிங்'. இதற்குப் பின்னால் இடத்தைச் சொல்லும்போது பலர் மறுபடி தவறுகிறார்கள். கோலாலம்பூரின் கடைத்தெருவான மஸ்ஜித் இந்தியாவை எடுத்துக்கொண்டால், 'வி வென்ட் ஷாப்பிங் டு மஸ்ஜித் இந்தியா' என்பது தவறு. 'வி வென்ட் ஷாப்பிங் இன் மஸ்ஜித் இந்தியா' என்பது சரி. அங்கே நடந்தது ஷாப்பிங், ஆகவே அதற்குரிய 'இன்' அல்லது 'அட்' வரும்.

எல்லா வேலைக்கும் இந்த அமைப்புப் பொருந்தாது. 'கோ ஸ்டடியிங்', 'கோ குக்கிங்' என்று சொல்வதில்லை. சுருக்கமான ஒரு தடவைச் செயலுக்குக் 'கோ ஃபார் எ' வரும்: 'கோ ஃபார் எ வாக்', 'கோ ஃபார் எ டிரிங்க்'. இங்கே அந்த 'எ' விடுபடக் கூடாது.

'கோயிங் டு' எதிர்காலம் காட்டுவது எப்படி?

தமிழ் காட்டுவதைப் போலவே. 'சாப்பிடப் போறேன்' – 'ஐ ஆம் கோயிங் டு ஈட்'. 'மழை வரப் போகுது' – 'இட் இஸ் கோயிங் டு ரெய்ன்'. நடந்து போவதைக் குறித்த வினை நடக்கவிருப்பதைக் குறிக்கும் வினையாகவும் மாறியது இரண்டு மொழியிலும் உண்டு. முன்பே தீர்மானித்தது, அல்லது அறிகுறி கண்ணுக்குத் தெரிவது என்றால் 'கோயிங் டு'. அந்த நொடியில் எடுத்த முடிவென்றால் 'வில்': வாசல் மணி அடிக்கிறது, 'ஐ வில் கெட் இட்'.

தமிழில் இல்லாத ஒன்று 'ஆம்', 'இஸ்', 'ஆர்'. அதனால்தான் 'ஐ கோயிங் டு ஈட்' என்று இடையில் ஒரு பல் விழுந்துவிடுகிறது.

நிறைவேறாத எண்ணமும் இதே அமைப்பில் வரும். 'சொல்லத்தான் போனேன், அதுக்குள்ள போன் வந்துடுச்சு' – 'ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ, பட் த போன் ரேங்'. இதைத் தமிழர் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்வார்கள்.

'கான்னா' என்று ஒலிப்பது பேச்சுக்கு மட்டும். அதற்குப் பின்னால் வினை வர வேண்டும். 'ஐம் கான்னா ஸ்லீப்' சரி. 'ஐம் கான்னா ஈப்போ' என்று ஒருபோதும் வராது, ஏனென்றால் அது உண்மையாகவே ஈப்போவுக்குப் போவது. தேர்வில் எங்கும் எழுதாதீர்கள்.

எப்போது 'கோ', எப்போது 'கம்'?

பேசுகிறவர் இருக்கும் இடத்துக்கோ, கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கோ நகர்ந்தால் 'கம்'. மற்ற இடத்துக்கு 'கோ'. தமிழிலும் அப்படித்தான்: 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்' என்கிறோம், 'போறேன்' என்பதில்லை. மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து செந்தூலில் இருக்கும் அம்மாவிடம் பேசினால் 'ஐம் கமிங் ஹோம்'. அதே நேரத்தில் பக்கத்தில் நிற்கும் சக ஊழியரிடம் 'ஐம் கோயிங் ஹோம்'. சாப்பிடக் கூப்பிட்டால் பதில் 'ஐம் கமிங்'.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் வழிதவறச் செய்யும்: விடைபெறும்போது. 'போறேன்' என்று சொல்வது நல்லதில்லை என்று 'போயிட்டு வரேன்', 'வரேன்' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதையே 'ஓகே, ஐ கோ அண்ட் கம்' என்று சொன்னால் ஆங்கிலேயர் இரவுச் சாப்பாட்டுக்கு நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். 'ஐ ஷுட் பி கோயிங்', 'ஐ ஹாவ் டு கோ நௌ' என்று சொல்லி 'சீ யூ' சேர்த்துவிடுங்கள். திரும்பச் சந்திப்போம் என்ற நம் எண்ணத்தை அந்தச் 'சீ யூ' தாங்கிக்கொள்ளும்.

'வாட் டைம் யூ கோ பேக்?' என்பதில் என்ன குறை?

'கோ பேக்' என்றால் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்புவது. வீட்டுக்குப் போவதை மட்டும் அது குறிக்காது. மலாயின் 'பாலிக்' ஒரே சொல்லில் இரண்டையும் சொல்வதால் இங்கே எல்லா இனத்தாரும் 'கோ பேக்' என்கிறோம். லண்டனிலிருந்து வந்த மேலாளர் 'கோ பேக் வேர்?' என்று கேட்பார். 'வாட் டைம் டூ யூ கோ ஹோம்?' என்பதே தெளிவு. 'முதலில் கிளம்புகிறேன்' என்னும் மலாயின் 'பாலிக் டுலு'வைப் பெயர்த்த 'ஐ கோ பேக் ஃபர்ஸ்ட்' என்பதும் வேண்டாம். 'ஃபர்ஸ்ட்' என்றால் பந்தயத்தில் முதலாவதாக என்று ஆகிவிடும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்குக் 'கோ பேக்' சரியாகப் பொருந்தும், 'டு' மறக்காதவரை: 'வி ஆர் கோயிங் பேக் டு அவர் ஹோம்டௌன்'.

'ஐ ஃபாலோ யூ', 'ஐ செண்ட் யூ ஹோம்' என்று சொல்லலாமா?

நம்மிடையே தாராளமாக. வெளியாரிடம் கவனம். 'ஃபாலோ' என்றால் பின்தொடர்வது. 'நானும் கூட வரேன்' என்பதற்கு மலாயின் 'ஈக்குட்' வழியாக வந்த வழக்கு அது. 'கேன் ஐ கம் வித் யூ?' என்று கேளுங்கள். ஆளைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டில் விடுவது 'டிராப் யூ ஹோம்' அல்லது 'டேக் யூ ஹோம்'. 'செண்ட்' என்றால் நீங்கள் கூடப் போகவில்லை என்றே பொருள்படும்.

'கெட்டுப் போச்சு' மாதிரிச் சொல்லெல்லாம் 'கோ'வில் வருமா?

இந்தப் பக்கத்திலேயே தமிழருக்கு மிகவும் பயன்படும் பதில் இதுதான், அதனால் சற்று விரிவாக.

'கோ'வுக்கு அடுத்து ஒரு பெயரடை வந்தால், வழக்கமான நிலையிலிருந்து ஒன்று விலகிவிட்டது, பெரும்பாலும் கெட்ட பக்கம் விலகிவிட்டது என்று பொருள். தமிழின் '–ப் போ' துணைவினையும் அதையே செய்கிறது. சமையலறையில் நின்று பாருங்கள். மீன் கெட்டுப்போனால் 'த ஃபிஷ் ஹாஸ் கான் பேட்'. பால் புளித்துப்போனால் 'கான் சவர்'. நெய் சிக்குவாடை அடித்தால் 'கான் ரான்சிட்'. ரொட்டி காய்ந்துபோனால் 'கான் ஸ்டேல்'. அப்பளம் நமத்துப்போனால் 'கான் சாஃப்ட்'. தேநீர் ஆறிப்போனால் 'கான் கோல்ட்'. சோடாவில் வாயு போய்விட்டால் 'கான் ஃபிளாட்'. கார் டயருக்கும் அதே சொல். உடம்புக்கு வந்தால் கால் மரத்துப்போவது 'கோ நம்', முகம் வெளிறிப்போவது 'கோ பேல்', தலை நரைப்பது 'கோ கிரே', வழுக்கை விழுவது 'கோ பால்ட்', கண் தெரியாமல் போவது 'கோ பிளைண்ட்', காது கேட்காமல் போவது 'கோ டெஃப்'. தொழில் நொடித்துப்போனால் 'கோ பாங்க்ரப்ட்', ஆள் காணாமல் போனால் 'கோ மிஸ்ஸிங்', காரியம் பிசகிப்போனால் 'கோ ராங்'. இத்தனையிலும் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கின்றன.

இனி நடக்காத இடங்கள். 'களைச்சுப் போயிட்டேன்' என்பதற்கு 'ஐ வென்ட் டயர்ட்' வராது, 'ஐ காட் டயர்ட்'. 'பயந்து போயிட்டேன்' – 'ஐ காட் ஸ்கேர்ட்'. 'சலிச்சுப் போச்சு' – 'ஐ காட் போர்ட்'. சோர்வு, பயம், சலிப்பு, கோபம், பசி, நோய் இவற்றுக்கெல்லாம் 'கெட்'தான் வரும். 'உடைஞ்சு போச்சு' வெறும் 'இட் ப்ரோக்'. 'மறந்து போச்சு' வெறும் 'ஐ ஃபர்காட்'. ஆங்கிலத்தில் தனி வினை தயாராக இருக்கும்போது 'கோ' எட்டிப்பார்க்காது.

'சரியாப் போச்சு' ஒரு பொறி. 'காய்ச்சல் சரியாப் போச்சு' என்பதை 'மை ஃபீவர் வென்ட் ஓகே' என்று சொல்கிறார்கள். நலம் பெறுவது வழக்கமான நிலைக்குத் திரும்புவது. 'கோ' காட்டுவது அதற்கு எதிர்த்திசை. 'ஐ காட் பெட்டர்' என்று சொல்லுங்கள். காய்ச்சலே கிளம்பிவிட்டதாகச் சொல்ல வேண்டுமானால் 'த ஃபீவர் ஹாஸ் கான்' சரி. அங்கே பெயரடை இல்லை, உண்மையிலேயே வெளியேற்றம்தான்.

நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவான சில புதிய வழக்குகளும் உண்டு: 'கோ வைரல்', 'கோ லைவ்', 'கோ வெஜிடேரியன்'. 'அன்' முன்னால் ஒட்டிய சொற்களோடு வந்தால் நடக்க வேண்டியது நடக்காமலே கிடந்தது என்று பொருள்: 'கோ அன்பெய்ட்' என்றால் சம்பளமோ கட்டணமோ கொடுபடாமல் கிடப்பது, 'கோ அன்நோட்டிஸ்ட்' என்றால் யார் கண்ணிலும் படாமல் போவது. புகார்க் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இவை மிகவும் உதவும்.

'செத்துப் போனார்' என்பதற்கு 'வென்ட் டெட்' என்று சொல்லலாமா?

கூடாது. தொலைபேசி இணைப்பு திடீரென்று அறுந்தால்தான் 'த லைன் வென்ட் டெட்'. மனிதருக்கு 'டைட்', மரியாதையாகச் சொல்ல 'பாஸ்ட் அவே'.

இதோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கை. தமிழில் 'அப்பா போயிட்டார்' என்று மொட்டையாகச் சொன்னால் கேட்பவர் நெஞ்சு பதறும். ஆங்கிலத்திலும் 'ஹி இஸ் கான்' அதே பொருளைத் தரக்கூடியது. வீட்டுக்கு வந்த அழைப்பில் அப்பா இல்லை என்று சொல்ல வேண்டுமானால் 'ஹி ஹாஸ் கான் அவுட்' அல்லது 'ஹி ஹாஸ் கான் டு வொர்க்' என்று முடித்துச் சொல்லுங்கள். அல்லது 'ஹி இஸ் நாட் இன்'. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித் தர வேண்டும்.

'அவன்கிட்டப் போய்ச் சொன்னியே!' – இந்த எரிச்சல் ஆங்கிலத்தில் வருமா?

வரும், அதே வினையில். 'யூ வென்ட் அண்ட் டோல்ட் ஹிம்!' 'இதைப் போய் வாங்கினானே' – 'ஹி வென்ட் அண்ட் பாட் இட்'. யாரும் இடம்பெயர வேண்டியதில்லை. செய்யக் கூடாததைச் செய்துவிட்டார் என்ற வருத்தமே பொருள். இரண்டு வினையும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும்: 'வென்ட் அண்ட் டோல்ட்'. அமெரிக்கர் 'கோ சீ எ டாக்டர்' என்று 'அண்ட்' விட்டுப் பேசினாலும், இறந்தகாலத்தில் 'வென்ட் சா' என்று அவர்களும் சொல்வதில்லை.

'கோ ஆஃப்' சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அணைகிறது. எப்படி?

'த அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் மணி அடித்தது. 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. 'ஆஃப்' இங்கே சுவிட்சில் 'ஆன்' என்பதன் எதிர்நிலை மட்டும் இல்லை, 'விலகி' என்பதே அதன் அடிப்பொருள். அடக்கி வைத்திருந்தது பிடிவிட்டு வெளிப்பட்டால் அலாரம், வெடி, துப்பாக்கி. இயக்கத்திலிருந்து விலகினால் விளக்கு, ஏர்கான், மின்சாரம். உண்ணும் நிலையிலிருந்து விலகினால் உணவு: சந்தான் (தேங்காய்ப்பால்) ஊற்றிய குழம்பை வெளியிலேயே வைத்துவிட்டால் மறுநாள் 'இட் ஹாஸ் கான் ஆஃப்'. ஒன்றின்மேல் இருந்த ஆசை விலகினாலும் இதே: 'ஐ ஹாவ் கான் ஆஃப் டூரியன்'. எழுவாயைப் பார்த்தால் எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும்.

மெழுகுவத்தி, அகல்விளக்கு, அடுப்புத் தீ அணைந்தால் 'வென்ட் அவுட்'. வட்டாரமே இருண்டுபோனால் 'த பவர் வென்ட் அவுட்', 'வென்ட் ஆஃப்' இரண்டும் சரி.

வேலையிடத்தில் உடனே பயன்படும் கூட்டுவினைகள் எவை?

முதலில் 'கோ த்ரூ'. இணையவழி அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் வங்கியில் 'த டிரான்ஸ்ஃபர் டிடின்ட் கோ த்ரூ' என்று சொல்லுங்கள். வேறெதுவும் இவ்வளவு சுருக்கமாகப் புரியவைக்காது. படிவத்தை வரிவரியாகப் பார்ப்பதும், துன்பத்தை அனுபவித்துக் கடப்பதும் அதே 'கோ த்ரூ'தான். 'கோ ஓவர்' என்றால் மறுபடி ஒருமுறை பார்ப்பது. கணினி அமைப்பு நின்றுவிட்டால் 'த சிஸ்டம் வென்ட் டௌன்'. டெங்கி வந்து படுத்துவிட்டால் 'ஷி வென்ட் டௌன் வித் டெங்கி'. விடுப்புக் கடிதத்தில் எழுத ஏற்ற தொடர். 'கோ வித்' என்றால் பொருந்துவது: சேலைக்கு ரவிக்கை 'கோஸ் வித்' ஆகிறதா என்று பார்க்கிறோம். 'கோ ஃபார்' என்றால் தேர்ந்தெடுப்பது. விலை வந்தால் அந்த விலைக்குப் போவது. 'கோ பேக் ஆன்' என்றால் கொடுத்த வாக்கை மீறுவது. முன்பு பார்த்த 'கோ பேக்'கோடு ஒரு சின்ன 'ஆன்' சேர்ந்து பொருளையே புரட்டிவிடுகிறது.

'கோ ஆன்' பற்றி ஒரு நுட்பம். 'ஷி வென்ட் ஆன் டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தவில்லை. 'ஷி வென்ட் ஆன் டு டாக் அபௌட் சாலரி' என்றால் முன்பேசியதை முடித்து அடுத்துச் சம்பளத்துக்கு வந்தார்.

பெயர்ச்சொல்லாகவும் 'கோ' வருமா?

வரும். 'ஹாவ் எ கோ' முயன்று பார்ப்பது, 'இன் ஒன் கோ' ஒரே மூச்சில், 'ஆன் த கோ' ஓயாத அலைச்சலில், 'இட்ஸ் மை கோ' என் முறை. இனி வருபவை வினைதான். நாள் கணக்கில் 'த்ரீ டேஸ் டு கோ' என்றால் இன்னும் மூன்று நாள் பாக்கி. உணவுக்கடையில் அமெரிக்கர் 'டு கோ' என்றால் நம் 'பூங்குஸ்', 'தாப்பாவ்', அதாவது பொட்டலம் கட்டி எடுத்துப் போவது. பொருளை எங்கே வைப்பது என்று கேட்கவும் இதே வினை: 'வேர் டஸ் திஸ் பிளேட் கோ?'

'டச் அண்ட் கோ' என்றால் அட்டைதானே?

மலேசியாவில் ஆம். 1997 முதல் சுங்கச் சாவடியில் தொட்டுவிட்டுப் போகும் அட்டை அது. ஆனால் மற்ற நாட்டு ஆங்கிலத்தில் 'இட் வாஸ் டச் அண்ட் கோ' என்றால் பிழைக்குமா பிழைக்காதா என்று ஊசலாடிய நிலை. அறுவைசிகிச்சை பற்றி ஒருவர் அப்படிச் சொன்னால் சுலபமாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

காரைப் பின்னால் எடுப்பதைக் 'கோஸ்தான்' என்கிறார்களே, அது ஆங்கிலமா?

கப்பல் மொழி. கப்பலைப் பின்பக்கமாகச் செலுத்தும் கட்டளை 'கோ அஸ்டர்ன்'. அது மலாயில் 'கோஸ்தான்' ஆகி, பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வரை எல்லா இனத்தார் வாயிலும் புழங்குகிறது. உயிருள்ள அழகான சொல், விட வேண்டாம். தேர்வில் மட்டும் 'ரிவர்ஸ்'.

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட வினை 'கோ'வா?

இல்லை, 'ரன்'. ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக அந்த ஒரு வினையைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் 645 பொருள்களைப் பிரித்தார். அதற்கு முந்தைய பதிப்பில் 'செட்' முதலிடத்தில் இருந்தது.

இத்தனையையும் எப்படிப் படிப்பது?

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அன்று வீட்டில் பேசிய 'போ' வாக்கியம் ஒன்று, வலப்பக்கம் அதன் ஆங்கிலம். முதலில் 'கோ' வருமா, 'கெட்' வருமா, தனி வினை வருமா என்று நீங்களே தீர்மானியுங்கள். பிறகு மாணவர் அகராதி ஒன்றில் 'கோ'வுக்குக் கீழே போகாமல், அடுத்து நிற்கும் சொல்லுக்குக் கீழே தேடுங்கள்: 'சவர்', 'மிஸ்ஸிங்', 'பாங்க்ரப்ட்'. எடுத்துக்காட்டு வாக்கியத்தில் 'கோ' இருந்தால் சரி. நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். ஏழாம் நாள் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு மறுபடி சொல்லிப் பாருங்கள்.

எழுத்தில் 'கோ' வரவே கூடாது என்கிறார்களே?

அப்படி ஒரு தடை இல்லை. ஒரே பத்தியில் நான்கு 'வென்ட்' வந்தால்தான் எழுத்து மங்கிவிடும். கூட்டத்துக்கும் பயிற்சிக்கும் போனால் 'அட்டெண்டட்', ஊரையும் ஆளையும் பார்க்கப் போனால் 'விசிட்டட்', கிளம்பினால் 'லெஃப்ட்', திரும்பினால் 'ரிட்டர்ன்ட்', விலை ஏறினால் 'ரோஸ்'. இவற்றில் 'அட்டெண்ட்', 'விசிட்' இரண்டுக்கும் பின்னால் 'டு' வராது. 'கோ டு'விலிருந்து மாற்றும்போது அந்த 'டு'வையும் அடித்துவிட வேண்டும்: 'ஐ அட்டெண்டட் எ கோர்ஸ் இன் ஷா ஆலாம்.'